வீட்டுக் கணினிக்கு எந்த ஆன்டிவைரஸ்? காசு கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். காபியைக் கையில் கொடுத்ததுமே, "தம்பி, இந்த லேப்டாப்பைக் கொஞ்சம் பாருடா. போட்டாலே சிவப்பா ஏதோ வந்து நிக்குது. மாமா புது ஆன்டிவைரஸ் வாங்கிடலாம்னு சொல்றார்" என்றாள்.

திரையின் வலது கீழ் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்னக் கேடயக் குறி. அதன் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. லேப்டாப்போடு இலவசமாக வந்த சோதனைப் பதிப்பு ஒன்று காலாவதியாகி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதை நீக்கிவிட்டு விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பைத் திறந்தேன். "எக்ஸ்க்ளூஷன்ஸ்" என்று ஒரு பட்டியல் உண்டு, ஆன்டிவைரஸ் எட்டிப் பார்க்கவே கூடாத இடங்களின் பட்டியல். அதில் 'சி' டிரைவ் முழுவதும் சேர்க்கப்பட்டிருந்தது. அப்படி ஒரு பட்டியல் இருப்பதே அக்காவுக்குத் தெரியாது. வாங்கிய கடையில், உரிமம் இல்லாத ஆஃபீஸ் மென்பொருளை ஏற்றிக் கொடுத்தபோது செய்துவைத்த வேலை. வீட்டுக்குப் பூட்டு போட்டுவிட்டு, கொல்லைக் கதவைக் கழற்றி எடுத்துப் போனது போல.

புதிதாகக் கணினி வாங்கியவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது "எந்த ஆன்டிவைரஸ் நல்லது?" என்றுதான். அதற்கு முன் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இப்போது உங்கள் கணினியைக் காப்பது யார்? அந்தக் கணினியின் முன் உட்காரப் போவது யார்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால், வாங்குவதா வேண்டாமா என்பது பாதி முடிவாகிவிடும். கீழே சொல்வது எல்லாம் விண்டோஸ் கணினிகளுக்கு.

முதல் வேலை: இப்போது காவலில் இருப்பது யார் என்று பாருங்கள்

ஸ்டார்ட் பட்டனை அழுத்தி "விண்டோஸ் செக்யூரிட்டி" என்று தட்டுங்கள். வரும் பக்கத்தில் "வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்" என்பதைத் திறங்கள். வேறு நிறுவனத்தின் ஆன்டிவைரஸ் ஓடிக்கொண்டிருந்தால் அதன் பெயர் அங்கே இருக்கும். இல்லாவிட்டால் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஓடுகிறது என்று பொருள். விண்டோஸ் 8 வந்த 2012 முதல் இது விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. தனியாகக் காசும் கிடையாது, இன்ஸ்டால் செய்யவும் வேண்டாம். வேறொரு ஆன்டிவைரஸ் போட்டால் இது தானாக ஒதுங்கிக்கொள்ளும்.

டிஃபெண்டர்தான் ஓடுகிறது என்றால், அதே பக்கத்தில் "மேனேஜ் செட்டிங்ஸ்" என்பதை அழுத்தி நான்கு இடங்களைப் பாருங்கள். "ரியல்-டைம் புரொடெக்‌ஷன்" ஆனில் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஃபைலையும் திறக்கும் நொடியில் சோதிப்பது அதுதான். "கிளவுட் டெலிவர்டு புரொடெக்‌ஷன்" ஆனில் இருக்க வேண்டும். இன்று காலை கிளம்பிய வைரஸை இன்று மாலை உங்கள் கணினி அடையாளம் காண்பது இதன் வழியாக. "டேம்பர் புரொடெக்‌ஷன்" ஆனில் இருக்க வேண்டும். உள்ளே நுழைந்த வைரஸ் முதலில் செய்வது காவலாளியின் கையைக் கட்டுவது, அதைத் தடுப்பது இது. கடைசியாக, பக்கத்தின் அடியில் அந்த "எக்ஸ்க்ளூஷன்ஸ்". சாதாரண வீட்டுக் கணினியில் அது காலியாக இருப்பதே சரி. நீங்கள் சேர்க்காத எதுவும் அங்கே இருந்தால் நீக்கிவிடுங்கள். அக்கா லேப்டாப்பில் அந்த ஒரு வரியை நீக்கிவிட்டு ஸ்கேன் விட்டதும், பத்து நிமிடத்துக்குள் மூன்று பொருள்களைப் பிடித்தது. மூன்றும் அந்த ஆஃபீஸ் கிராக்கோடு, அதாவது காசில்லாமல் மென்பொருளை ஓடவைக்கும் திருட்டுக் கருவியோடு, வந்தவை.

இன்னும் ஒரு சின்ன வேலை. "ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்" என்ற பகுதிக்குள் "ரெப்யூடேஷன் பேஸ்டு புரொடெக்‌ஷன்" இருக்கும். அதற்குள் வேண்டாத ஆப்களைத் தடுக்கும் வசதியை ஆன் செய்யுங்கள். வைரஸ் என்று சொல்ல முடியாத, ஆனால் பிரவுசரின் முகப்பை மாற்றி விளம்பரமாகக் கொட்டும் மென்பொருள்களை இது நிறுத்தும்.

கிராக் இருக்கும் கணினியில் ஆன்டிவைரஸ் பற்றிப் பேசிப் பயனில்லை

இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊரில் கணினிக்குள் வைரஸ் வரும் பெரிய வாசல் இது. விண்டோஸையோ ஆஃபீஸையோ போட்டோஷாப்பையோ காசில்லாமல் ஆக்டிவேட் செய்யும் கருவிகள் எல்லாம் முதல் வரியில் கேட்பது, "ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்" என்று. நாமே கதவைத் திறந்துவிடுகிறோம். ஸ்டாப், டிஜேவியு என்ற பெயர்களில் அறியப்பட்ட ரான்சம்வேர் குடும்பம் பெரும்பாலும் இந்த கிராக்குகள் வழியாகத்தான் வீட்டுக் கணினிகளைத் தேடி வந்தது. திருமணப் படங்கள், பிள்ளையின் புராஜெக்ட், வருமான வரிக் கணக்கு என எல்லாவற்றையும் பூட்டி, ஒவ்வொரு ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் புதிதாக ஒரு நான்கெழுத்து வாலை ஒட்டிவிட்டு, பணம் கேட்கும்.

இப்போது பரவலாக இருப்பது இன்னும் சத்தமில்லாத வகை. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும், லாகின் ஆகியிருக்கும் அடையாளத்தையும் அள்ளிக்கொண்டு சில நொடிகளில் போய்விடும். திரையில் எதுவும் தெரியாது. இரண்டு நாள் கழித்து உங்கள் இன்ஸ்டாகிராமில் யாரோ கிரிப்டோ விளம்பரம் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஆஃபீஸ்தான் தேவை என்றால் லிப்ரெஆஃபீஸ் முற்றிலும் இலவசம், தமிழும் நன்றாகத் தட்டலாம். கூகுள் டாக்ஸ் இருக்கிறது. படங்களைத் திருத்த கிம்ப் இருக்கிறது. கணினி வாங்கும்போதே கடைக்காரரிடம், "விண்டோஸ் ஒரிஜினலா? கீ பில்லில் வருமா?" என்று கேளுங்கள். கீ என்பது உரிமத்துக்கான குறியீட்டு எண். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

விண்டோஸ் எந்தப் பதிப்பு என்று பாருங்கள்

விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-லும் முடிந்துவிட்டன. விண்டோஸ் 10-ல் டிஃபெண்டருக்கான வைரஸ் அடையாளங்கள் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. அதை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. வைரஸ் அடையாளம் வேறு, விண்டோஸில் உள்ள ஓட்டையை அடைப்பது வேறு. 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளை முடக்கிய வானாக்ரை நினைவிருக்கும். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வந்துவிட்டது. அதைப் போட்டவர்கள் தப்பினார்கள், "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளியவர்கள் மாட்டினார்கள்.

ஆகவே, கணினி இடம் கொடுத்தால் விண்டோஸ் 11-க்கு மாறுங்கள். கொடுக்காவிட்டால், வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் வரை நீட்டிப்பு அப்டேட்களைப் பதிவு செய்து பெறும் வழி உண்டு. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அந்த இணைப்பு வரும். அதுவும் முடிந்த பிறகு, அந்தக் கணினியில் பேங்க் வேலை மட்டும் வேண்டாம்.

டிஃபெண்டரே போதுமா?

விண்டோஸ் 11, எப்போதும் வைஃபை, ஒழுங்காக அப்டேட், கிராக் கிடையாது, உட்காருபவர் கொஞ்சம் நிதானமானவர்: இவ்வளவும் பொருந்தினால் போதும். காசு செலவு வேண்டாம். என் கணினியில் அதுதான் இருக்கிறது.

பொருந்தாத வீடுகளும் இருக்கின்றன. டிஃபெண்டரின் பலம் பெரும்பகுதி இணையத்தோடு சேர்ந்தது. சந்தேகமான ஃபைலைப் பற்றி மைக்ரோசாஃப்ட் சர்வரிடம் கேட்டுத்தான் அது துல்லியமாக முடிவு சொல்கிறது. இணையம் இல்லாத நேரத்தில் அதன் கண்டுபிடிக்கும் திறன் குறைவதை ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரடிவ்ஸ் நடத்தும் சோதனைகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. உங்கள் வீட்டில் போன் ஹாட்ஸ்பாட்டை எப்போதாவது இணைத்து, மற்ற நேரமெல்லாம் பென்டிரைவில் ஃபைல் பரிமாறுகிறீர்கள் என்றால், இணையம் இல்லாமலும் நன்றாகப் பிடிக்கும் ஒன்றைக் காசு கொடுத்து வாங்குவது நியாயம்.

அடுத்தது, பொய்யான வலைத்தளங்களைத் தடுப்பது. டிஃபெண்டரோடு வரும் ஸ்மார்ட்ஸ்கிரீன் முழுமையாக வேலை செய்வது எட்ஜ் பிரவுசரில். குரோமில் கூகுளின் சொந்தப் பாதுகாப்பு இருக்கிறது, அதன் செட்டிங்கில் "என்ஹான்ஸ்டு புரொடெக்‌ஷன்" என்பதை ஆன் செய்தால் இன்னும் கூர்மையாகும். வந்த லிங்க்கையெல்லாம் அழுத்தும் பெரியவர்களோ, கேம் டவுன்லோடு செய்யும் பிள்ளைகளோ வீட்டில் இருந்தால், எந்த பிரவுசரானாலும் தடுக்கும் கட்டண ஆன்டிவைரஸுக்கு மதிப்பு உண்டு. அக்கா வீட்டில் அதற்காகத்தான் வாங்கினோம். என் மருமகனுக்குப் பதினோரு வயது. கேமை மாற்றியமைக்கும் "மாட்" தேடி அவன் போகாத தளம் இல்லை.

வாங்குவதானால் எதைப் பார்த்து வாங்குவது

"முதல் பத்து ஆன்டிவைரஸ்" பட்டியல்களை நம்பாதீர்கள். அவற்றில் பல, நீங்கள் லிங்க்கை அழுத்தி வாங்கினால் கமிஷன் பெறுபவை. அதற்குப் பதிலாக இரண்டு சோதனைக்கூடங்களின் தளத்துக்குப் போங்கள். ஒன்று ஜெர்மனியின் மாக்டெபர்க் நகரில் இருக்கும் ஏவி-டெஸ்ட். பாதுகாப்பு, வேகம், பயன்பாடு மூன்றுக்கும் தலா 6 புள்ளி, மொத்தம் 18. இன்னொன்று மேலே சொன்ன ஏவி-கம்பேரடிவ்ஸ், இன்ஸ்ப்ரூக் நகரில் இருக்கிறது. இரண்டிலும் அறிக்கைகள் இலவசம்.

புள்ளியை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். "ஃபால்ஸ் பாசிட்டிவ்" என்ற எண்ணையும் பாருங்கள். நல்ல ஃபைலை வைரஸ் என்று கூச்சலிட்ட தடவைகள் அவை. இது அதிகமாக இருக்கும் ஆன்டிவைரஸ் வீட்டில் ஆபத்து. நாலு தடவை பொய்யாகக் கத்தினால், ஐந்தாவது தடவை உண்மையாகக் கத்தும்போது வீட்டில் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பழைய லேப்டாப் என்றால் வேகத்துக்கான புள்ளி பாதுகாப்புப் புள்ளிக்குச் சமமான முக்கியம், கணினி இழுத்தால் பிள்ளைகள் அதை ஆஃப் செய்யத்தான் வழி தேடுவார்கள். ஒரே ஒரு அறிக்கையை வைத்தும் முடிவு செய்யாதீர்கள், கடைசி மூன்று நான்கு அறிக்கைகளில் ஒரே சீராக இருப்பதே நல்லது.

பெயர்களைப் பற்றி ஒரு விஷயம். நார்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவிரா நான்கும் இப்போது ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தின் கீழ் இருக்கின்றன. நான்கையும் ஒப்பிட்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பிட்டிஃபெண்டர் ருமேனியாவிலிருந்தும், ஈசெட் ஸ்லோவாக்கியாவிலிருந்தும் வருபவை. இரண்டும் நெடுநாளாக நல்ல பெயர் எடுத்தவை. நம் நாட்டில் குவிக் ஹீல் புனேயையும் கே7 சென்னையையும் சேர்ந்தவை. நம் பகுதியில் பென்டிரைவ் வழியே சுற்றும் வைரஸ்களோடு நாள்தோறும் மல்லுக்கட்டுகிறவர்கள், போனில் தமிழில் பேசி உதவி கேட்கவும் முடியும் என்பதால் பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு நான் இந்த இரண்டையும் தயங்காமல் சொல்வேன். காஸ்பர்ஸ்கி சோதனைகளில் நல்ல புள்ளி எடுப்பதுதான். ஆனால் ரஷ்ய நிறுவனம் என்பதால் தேசியப் பாதுகாப்பைக் காரணம் காட்டி அமெரிக்கா 2024-ல் அதன் விற்பனைக்குத் தடை போட்டது. அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

இலவச ஆன்டிவைரஸ்கள்? டிஃபெண்டர் இருக்கும்போது அவற்றுக்கு நான் அவசியம் காணவில்லை. தொடர்ந்து "அப்கிரேடு செய்யுங்கள்" என்று தொல்லை கொடுக்கும். அதைவிட, அவாஸ்ட் தன் பயனர்கள் எந்தெந்தத் தளங்களைப் பார்த்தார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது 2020 ஜனவரியில் வெளியே வந்தது. துணை நிறுவனத்தை உடனே மூடினார்கள். அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024-ல் 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது.

விலை விஷயத்துக்கு வருவோம். தளத்தில் பெரிய எழுத்தில் இருப்பது முதல் வருட விலை. இரண்டாம் வருடப் புதுப்பிப்பு விலை கீழே சின்ன எழுத்தில் இருக்கும், பல மடங்காகவும் இருக்கலாம். கார்டு விவரம் கொடுத்து வாங்கினால் தானியங்கிப் புதுப்பிப்பு ஆனில் இருக்கும், வாங்கிய அன்றே கணக்குக்குள் போய் ஆஃப் செய்துவிடுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படித் தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு உங்களுக்குத் தகவல் வர வேண்டும். அந்த எஸ்எம்எஸ்ஸை அழிக்காமல் படியுங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ உங்கள் ஊர் கணினிக் கடையிலோ அட்டைப்பெட்டியில் கீ வாங்கினால் பெரும்பாலும் மலிவு. ஒரு கணினிக்கா மூன்றுக்கா, ஒரு வருடத்துக்கா மூன்றுக்கா என்று பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். ஏற்கெனவே சுரண்டிப் பார்க்கப்பட்ட கீயை, எவ்வளவு தள்ளுபடி தந்தாலும், வாங்காதீர்கள். "டோட்டல்", "அல்டிமேட்" என்ற பெயரில் வரும் கிளீனர், ஸ்பீடு பூஸ்டர் எதுவும் வீட்டுக்குத் தேவையில்லை. இணையத்தில் உங்கள் இடத்தை மறைக்கும் வி.பி.என்-னும் அப்படியே. அடிப்படைப் பதிப்பே போதும்.

போடும் முறை

பழைய ஆன்டிவைரஸை முதலில் நீக்குங்கள். செட்டிங்ஸ், ஆப்ஸ் வழியாக நீக்கிய பிறகும் மிச்சம் இருக்கும், அதற்கென்றே பெரும்பாலான நிறுவனங்கள் தனி நீக்கும் கருவியைத் தங்கள் தளத்தில் வைத்திருக்கின்றன. கணினியை ரீஸ்டார்ட் செய்து, பிறகு புதியதைப் போடுங்கள். இரண்டு ஆன்டிவைரஸ்களை ஒன்றாக ஓடவிடாதீர்கள். ஒரே ஃபைலை இரண்டும் பிடித்து இழுக்கும், கணினி நத்தையாகிவிடும். போடும்போது நடுவில் வேறு பிரவுசர், வேறு தேடுபொறி என்று டிக் போட்டு வைத்திருப்பார்கள், எடுத்துவிடுங்கள். முடிந்ததும் அப்டேட் செய்து ஒரு முழு ஸ்கேன் விடுங்கள், இரவு தூங்கப் போகும்போது விட்டால் காலையில் முடிந்திருக்கும்.

உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று சோதிக்க அழகான வழி ஒன்று இருக்கிறது. ஐகார் சோதனைக் கோப்பு என்று தேடி அதன் அதிகாரபூர்வத் தளத்துக்குப் போங்கள். வெறும் 68 எழுத்துகள் கொண்ட, துளியும் தீங்கில்லாத ஃபைல். ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் எல்லாம் பேசிவைத்துக்கொண்டு இதை வைரஸ் போலவே பிடிக்கின்றன. டவுன்லோடு செய்யும்போதே கூச்சல் வந்தால் காவலாளி விழித்திருக்கிறார். அமைதியாக இறங்கிவிட்டால் மறுபடி முதல் வேலையிலிருந்து பாருங்கள். மாமாவிடம் இதைச் செய்து காட்டியபோதுதான் அவருக்கு முகம் தெளிந்தது.

ஜெராக்ஸ் கடை பென்டிரைவ்

ஹால் டிக்கெட் பிரின்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்த பென்டிரைவைச் செருகுகிறீர்கள். உங்கள் ஃபோல்டர்கள் எல்லாம் இடது கீழ் மூலையில் சின்ன அம்புக்குறியோடு, ஒன்றிரண்டு கேபி அளவில் நிற்கின்றன. தொடாதீர்கள். அவை உங்கள் ஃபோல்டர்கள் கிடையாது, அதே பெயரில் நிற்கும் ஷார்ட்கட்டுகள். அழுத்தினால் உங்கள் ஃபோல்டரும் திறக்கும், வைரஸும் சேர்ந்து ஓடும். ஃபோல்டர் சரியாகத் திறந்துவிடுவதால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

பயந்துபோய் ஃபார்மேட் செய்துவிடாதீர்கள், உங்கள் ஃபைல்கள் உள்ளேதான் ஒளிக்கப்பட்டிருக்கின்றன. டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து ஸ்கேன் கொடுங்கள். பிறகு ஃபைல் எக்ஸ்புளோரரின் ஆப்ஷன்ஸில், வியூ தாவலில், மறைந்த ஃபைல்களைக் காட்டு என்பதைத் தேர்ந்தெடுத்து, கீழே சிஸ்டம் ஃபைல்களை மறைக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். மங்கலான நிறத்தில் உங்கள் ஃபோல்டர்கள் தெரியும். அவற்றைக் கணினிக்குக் காப்பி செய்துவிட்டு, அதன் பிறகு பென்டிரைவை ஃபார்மேட் செய்யுங்கள். எடுத்த டிக்கை மறக்காமல் மீண்டும் போட்டுவிடுங்கள். அடுத்த முறை, அந்த ஒரே பிடிஎஃப் மட்டும் இருக்கும் தனி பென்டிரைவோடு கடைக்குப் போங்கள்.

பொய் எச்சரிக்கை

"உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்! உடனே புதுப்பிக்கவும்" என்று மூலையில் பெட்டி வந்தால், பெட்டியின் ஓரத்தில் பாருங்கள். குரோம் என்ற பெயரும் ஏதோ ஒரு தள முகவரியும் இருந்தால் அது எப்போதோ நீங்கள் "அலவ்" கொடுத்த வலைத்தளத்தின் விளம்பரம். குரோம் செட்டிங்ஸில் பிரைவசி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் போய் அந்த முகவரியை நீக்கினால் நின்றுவிடும். திரை முழுக்கச் சிவப்பாகி, பீப் பீப் என்று கத்தி, ஒரு போன் நம்பர் வந்தால் அது மோசடியேதான். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்கவே இருக்காது. எஸ்கேப் பட்டனை அழுத்திப் பிடித்து, பிரவுசரை மூடுங்கள். முடியாவிட்டால் கணினியையே ஆஃப் செய்யுங்கள். அந்த நம்பருக்குப் பேசி, அவர்கள் சொல்லும், தூரத்திலிருந்தே உங்கள் கணினியை இயக்கவிடும் எனிடெஸ்க் போன்ற ஆப்பைப் போட்டுக்கொடுத்துவிட்டால், எந்த ஆன்டிவைரஸும் தடுக்காது. நீங்களே சாவியைக் கொடுத்துவிட்டீர்கள்.

ஏற்கெனவே வந்துவிட்டதென்றால்

வைஃபையைத் துண்டியுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸுக்குள் "டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்" இருக்கிறது. விண்டோஸ் முழுதாக எழும் முன்பே ஸ்கேன் செய்வதால், ஒளிந்திருக்கும் வைரஸுக்கு ஒளிய நேரம் இருக்காது. சுமார் 15 நிமிடம் ஆகும். மின்னஞ்சல், பேங்க் பாஸ்வேர்டுகளை அந்தக் கணினியில் மாற்றாமல் போனிலிருந்து மாற்றுங்கள். எல்லாச் சாதனங்களிலிருந்தும் சைன் அவுட் செய்யும் பட்டனையும் அழுத்துங்கள். மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் இலவச நீக்கும் கருவிகள் கிடைக்கும். பணம் போயிருந்தால் ஸ்கேனெல்லாம் பிறகு, முதலில் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழையுங்கள். ஃபைல்கள் பூட்டப்பட்டிருந்தால் அவற்றை அழிக்காமல் வேறு டிரைவில் வைத்துக்கொண்டு, நெதர்லாந்து போலீஸும் யூரோபோலும் சேர்ந்து 2016-ல் தொடங்கிய நோ மோர் ரான்சம் தளத்தில் சாவி இருக்கிறதா என்று பாருங்கள். இன்று இல்லாவிட்டாலும் பின்னால் வரலாம்.

அந்த நிலை வராமலிருக்க, ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கி மாதம் ஒருமுறை படங்களையும் ஆவணங்களையும் காப்பி செய்து, கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியபடியே இருக்கும் டிஸ்கையும் ரான்சம்வேர் சேர்த்தே பூட்டும்.

அக்கா வீட்டில் கடைசியாகச் செய்த வேலை, புது கீ முடியும் தேதிக்குப் பத்து நாள் முன்பு மாமாவின் போனில் நினைவூட்டல் போட்டது. "போன் மாத்தினா போயிடும்" என்று அக்கா எழுந்துபோய், கீயை ஒட்டிய அட்டையின் பின்பக்கம் அந்தத் தேதியை எழுதி, கேஸ் புக்கும் ரேஷன் கார்டும் இருக்கும் டப்பாவில் வைத்தாள்.